எழுதும்போதே வழு நீக்கல்

சேவையகத்தைப் பராமரிக்கும் பொறுப்பை நிரலாளரிடமிருந்து விலக்கியது சேவையகமற்ற கணினிமை. 2014இல் அறிமுகமான அமேசானின் லாம்டா இதற்குச் சான்று. அதில் ஒரு செயற்கூறு அதிகபட்சம் 900 நொடிகள் இயங்கலாம். தேவையான காலஅளவை அமைவுக் கோப்பு குறிப்பிட வேண்டும்; இல்லையேல் லாம்டாவின் இயல்பளவு 3 நொடிகளே. எனவே, அக்கோப்பில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பணி இடையில் அறுபடலாம்.

எந்தப் பெயர், எவ்வகை மதிப்பு பொருந்தும் என்பதை டைப்ஸ்கிரிப்ட் மொழியின் வகை வரையறைகள் எழுதும்போதே சுட்டுகின்றன. ஆயினும், கருவி வளர வளர, கையால் எழுதிய வரையறை பழமையடையும். சரியானதையும் பிழையெனக் காட்டும். ஆகவே, சர்வர்லெஸ் ஃபிரேம்வொர்க் என்னும் கருவி அமைவுக் கோப்பைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் ஜேசன் ஸ்கீமா விதிகளிலிருந்தே வரையறைகள் தானியங்கு முறையில் உருவாக்கப்படுகின்றன. விதி மாறும்போது அவற்றை மீண்டும் உருவாக்கினால் போதும். மூலம் ஒன்றாயின் முரண்பாடு குறையும்.