புழைக்கடைக் காய்கறித் தோட்டம்: வரும் வருஷத்திற்கு ஒரு திட்டம்

பாலாற்றின் வடகரையிலுள்ள செவிலிமேட்டிலும் அதைச் சூழ்ந்த நெசவாளர் தெருக்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் குடும்பச் செலவுக்குக் கடினமானவை. மழை நாட்களில் பாவைத் தெருவில் விரித்து ஆற்றுவதற்கு இடமில்லை. குழித்தறியின் குழியில் ஈரம் ஊறுகிறது. வேலை தடைப்படவே கூலியும் குறைகிறது. அதே நாட்களில் வயல்களில் நீர் தேங்கிச் செடிகள் அழுகுவதால் கடைத்தெருவில் காய்கறி விலை ஏறுகிறது. வரவு சுருங்கும் காலமும் விலை உயரும் காலமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன.

இதில் பாதிக் கஷ்டத்தை வீட்டின் புழைக்கடையே நீக்கவல்லது. ஆனால் விலை ஏறிய பின்னர் விதைப்பதனால் பயனில்லை. கார்த்திகையில் பறிக்க வேண்டிய கத்தரிக்கு ஆனிக் கடைசியிலேயே நாற்று விட்டாக வேண்டும். தோட்டம் போட்டுக் கைவிட்டவர்களிற் பலர் நிலம் போதாமையால் கைவிட்டவர்களல்லர். எல்லா விதைகளையும் ஒரே நாளில் தூவி, இரண்டு வாரம் வேண்டிய மட்டும் பறித்துப் பின்னர் வெறும் பாத்திகளைக் கண்டு சலித்தவர்களே ஆவர். ஆதலால் மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் வருஷம் முழுமைக்கும் ஒரு திட்டம் எழுதிக்கொள்ளுதல் அவசியம். இழை எண்ணிக்கையைக் கணக்கிடாமல் பாவு ஓட்டுபவர் உண்டோ?

இடமும் அளவும்

20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். இது 400 சதுர அடி, அதாவது ஒரு சென்டுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 2 அடி நடைபாதை விட்டு, இருபுறமும் 9 அடி நீளம், 4 அடி அகலத்தில் நான்கு நான்காக எட்டுப் பாத்திகள் அமைக்கலாம். பாத்திகளுக்கிடையே ஓரடி வழி இருந்தால், மண்ணை மிதிக்காமல் இருபுறமிருந்தும் கை எட்டும். வடபுறத்து ஓரடியை அவரை, புடல், பீர்க்கு ஆகிய கொடிகளுக்கு ஒதுக்குக. உயர்ந்து வளர்பவை வடக்கே இருந்தால் அவற்றின் நிழல் பாத்திகளின் மேல் அதிகம் விழாது.

ஒரு மூலையில் முருங்கை ஒன்று போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ஆம் வருஷத்தில் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய் தரும். இதன் வேரில் நீர் தேங்கலாகாது. மேடு கட்டி ஊன்றுக.

இத்தோட்டம் வீட்டின் தேவை முழுவதையும் தருமென்று எண்ண வேண்டாம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து பேருள்ள வீட்டிற்கு இது 2 கிலோ ஆகும். வாரத்தில் மூன்று நாள் கீரையும், பருவத்தில் பெரும்பாலான நாட்களில் ஒரு காயும் கிடைத்தாலே இத்திட்டம் பலித்ததாகும்.

தண்ணீர்

இராமானுஜர் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் சுமந்து சென்று வரதராஜருக்குக் கைங்கரியம் செய்தார் என்பது வைணவ மரபு. ஒரு குடம் நீரின் அருமையை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழையில்லாத நாட்களில் எட்டுப் பாத்திகளுக்கும் சேர்த்து, 15 லிட்டர் கொண்ட குடத்தால் நாளொன்றுக்கு ஏழெட்டுக் குடம் வேண்டும். கடுங்கோடையில் இன்னும் அதிகமாகும். அரிசி, காய்கறி கழுவிய நீரை நேரே பாத்திக்கு விடலாம். சோப்பு கலந்த குளியல் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுக.

ஒரு விஷயத்தில் மிக்க ஜாக்கிரதை வேண்டும். பட்டு நூலைச் சோப்பும் சோடாவுமிட்டுக் காய்ச்சிய நீரும், சாயம் தோய்த்த நீரும் எக்காரணத்தாலும் பாத்தியில் சேரலாகாது. சோடா உப்பு மண்ணை இறுகச் செய்து, நீர் உள்ளே இறங்காதபடி கெடுத்துவிடும். சாய நீர் ஓடிய கால்வாய் அருகிலிருந்தால், அப்பக்கம் உண்பதற்குரிய எதையும் பயிரிடாதிருப்பதே நலம்.

மாதவாரியாக வேலை

ஆனி, ஆடி, ஆவணி: ஆடிப்பட்டமே வருஷத்தின் தலையான பட்டம். ஆனிக் கடைசியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விடுக. முப்பது நாள் கடந்தபின் கத்தரியை இரண்டடிக்கு ஒன்றாகவும், மற்றவற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாகவும் தனித்தனிப் பாத்திகளில் நடுக. வெண்டைக்கு இரண்டு பாத்திகள். ஒன்றை ஆடி முதல் வாரத்திலும், மற்றதை மூன்று வாரம் கழித்தும் விதைக்க வேண்டும். முதற்பாத்தி ஓயும் தறுவாயில் இரண்டாவது காய்த்துக்கொண்டிருக்கும். ஆறாவது பாத்தி கொத்தவரைக்கு. ஏழும் எட்டும் கீரைக்கு. சிறுகீரையைப் பதினைந்து நாளைக்கொருமுறை கால் பாத்தியளவே விதைக்க. அரைக்கீரையை ஒருமுறை விதைத்துப் பலமுறை அறுக்கலாம். வேலியோரம் அவரை விதையை ஆடியிலேயே ஊன்றுக. பகற்பொழுது குறுகும் காலத்திலேயே அது பூப்பதாகையால், கார்த்திகை முதல் தை வரை காய் தரும்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை: பெருமழைக்கு முன் பாத்திகளை அரையடி உயர்த்தி, வழிகளை வடிகாலாகத் தோண்டிவிடுக. தக்காளிக்குக் கொம்பு நடுக. இம்மாதங்களில் சிறு விதைக் கீரைகள் மழையில் அடித்துக்கொண்டு போகும். அக்குறையைப் பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை ஆகியவை ஈடு செய்யும்.

மார்கழி, தை, மாசி: ஓய்ந்த வெண்டைப் பாத்திகளில் முள்ளங்கி, கொத்தமல்லி, சின்ன வெங்காயம் போடுக. தைப்பட்டத்தில் மறுபடியும் வெண்டையும், வெள்ளரி, பூசணிக் கொடிகளும் விதைக்கலாம்.

பங்குனி முதல் வைகாசி வரை: வெயில் தாங்கும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் போதும். மற்றப் பாத்திகளுக்கு ஓய்வளிக்க. சித்திரைக் கடைசியில் சணப்பு விதைத்து, ஆனியில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணோடு கலந்தால், அடுத்த ஆடிப்பட்டத்திற்கு மண் வளம் பெறும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். மறுவருஷம் அவற்றை அதே பாத்திகளில் நடாமல் இடம் மாற்றுக.

நோயும் பூச்சியும்

வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளானால் அச்செடியை உடனே பிடுங்கி அகற்றுக. வெள்ளை ஈ அந்நோயை மற்றச் செடிகளுக்குப் பரப்பும். கத்தரியில் வாடிய நுனிகளையும் புழு துளைத்த காய்களையும் கிள்ளி அழிக்க. வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பல பூச்சிகள் அடங்கும்.

சங்கம் செய்யக் கூடியது

இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் 1904-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அவ்வருஷமே நகரப் பகுதிக்குரிய முதல் நாணயச் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்திலேயாம். கடனுக்கு உதவிய அந்த முறை விதைக்கும் உதவும். ஒரு வீட்டிற்கு வேண்டிய கத்தரி நாற்று பத்தே. விதைப் பொட்டலமோ பல வீட்டிற்குப் போதும். ஆகவே பத்து அங்கத்தினர்கள் சேர்ந்து விதை வாங்கி, கிணற்று வசதியுள்ள ஒரு வீட்டில் பொது நாற்றங்கால் அமைத்து, நாற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். அவரை, வெண்டை, கீரை ஆகியவற்றின் நாட்டு விதையைச் சங்கத்தில் கடனாகப் பெற்று, அறுவடையில் இரட்டிப்பாகத் திருப்பலாம். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தோடு முளைக்காதாகையால், அதை இவ்வாறு சேமித்தல் கூடாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். விதைத்த நாள், பறித்த நாள், பறித்த அளவு, கடையில் அன்றைய விலை ஆகிய நான்கையும் குறித்து வருக. வரும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடைக்குப் போகாமல் மிஞ்சிய பணம் எவ்வளவென்று அக்கணக்கே சொல்லும். அதற்கடுத்த வருஷத்துத் திட்டத்தை எழுதும்போது அதைவிட நல்ல துணை வேறில்லை.