குழந்தைகள் படைக்கும் மொழிகள்: விளையாட்டும் தேவையும்

தமிழ்ச் சிறார் தமக்குள் பேசி மகிழும் 'க' பாஷையைக் கேட்டறியாத தமிழாசிரியர் மிகச் சிலரே இருப்பர். சொல்லைச் சிறு சிறு ஒலிக்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றன் முன்னும் 'க'வைச் சேர்த்து விரைந்து பேசுவது அதன் இயல்பு. 'நாளை வா' என்பது 'கநா களை கவா' என்றாகிவிடும். பெரியோர் முன்னிலையில் மறைபொருள் பேசவும், தம் குழுவில் சேராதாரை விலக்கி வைக்கவும் சிறார் இதனைப் பயன்படுத்துவர். வகுப்பறையில் இது கேட்டால் நாம் பெரும்பாலும் அதட்டி அடக்கிவிடுகிறோம்.

ஆயினும் இவ்விளையாட்டில் ஒரு நுட்பம் உண்டு. 'மரம்' என்னும் சொல்லைக் குழந்தை 'கம கரம்' என்று சொல்லும். இறுதி மகர மெய்க்குத் தனியே 'க' சேர்ப்பதில்லை. ஆகவே குழந்தை எழுத்தை எண்ணவில்லை என்பது தெளிவு. யாப்பின்படி அலகிட்டால் 'மரம்' ஒரே நிரையசை. குழந்தையோ அதனை இரண்டாகப் பிரிக்கிறது. இன்றைய மொழியியலார் அசை என்று வழங்குவது இக்கூறினையே. எவரும் கற்பிக்காத இப்பகுப்பினைச் சிறார் பிழையின்றிச் செய்வது, மொழியின் ஒலியமைப்பு அவர்கள் மனத்தில் செம்மையாகப் பதிந்திருப்பதைக் காட்டுகிறது.

ஒரு குழுவினர் தமக்கென வழங்கும் மறைவழக்கைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் முன்னரே வகைப்படுத்தியுள்ளது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். அங்கே சொல் மாறுகிறது. 'க' பாஷையில் சொல் நிற்க, அதன் ஒலியுருவம் மட்டும் மாறுகிறது. நோக்கம் ஒன்றேயாயினும் வழி வேறு.

சொற்களையே புதிதாகப் புனையும் சிறாரும் உளர். ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 1931ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில் தம் இளமைக்கால அனுபவத்தை விவரித்துள்ளார். அவர்தம் உறவுச் சிறுமியர் விலங்கு, பறவைப் பெயர்களைக் கொண்டே ஒரு மொழியை அமைத்திருந்தனர். அதனையடுத்து அவரும் சேர்ந்து உருவாக்கிய மொழிக்கு 'நெவ்பாஷ்', அதாவது 'புதிய பிதற்றல்', என்று பெயரிட்டனர். ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் ஆகியவற்றின் சொற்களைத் திரித்தே அதன் சொற்கள் பெரிதும் ஆக்கப்பட்டன. குழந்தையின் கற்பனை மொழி வெறுவெளியில் தோன்றுவதில்லை; காதில் விழுந்ததே அதன் மூலப்பொருள்.

இதுகாறும் கூறியவை, தாய்மொழி கைவரப் பெற்ற சிறார் அதன்மேல் கட்டும் விளையாட்டு மொழிகள். வேறொரு வகையும் உண்டு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் குழந்தைக்குக் கேடாய் முடியும்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1970களில், 'போட்டோ', 'கபெங்கோ' என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட இரட்டைச் சிறுமியர் பெரிதும் பேசப்பட்டனர். பிறர்க்கு விளங்காத மொழியில் அவர்கள் சரளமாக உரையாடினர். இவர்களுக்கு அறிவுக்குறை உண்டு என்று முன்னர்க் கருதப்பட்டதால் பள்ளிக்கு அனுப்பப்படாமல், பிற குழந்தைகளோடு பழகும் வாய்ப்பின்றி, ஜெர்மன் பேசும் பாட்டியின் பொறுப்பில் வளர்ந்தவர்கள். புதுமொழி ஒன்று பிறந்துவிட்டது என நாளேடுகள் வியந்தன. பேச்சுப் பயிற்சி வல்லுநர் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோதோ, அது பெரும்பாலும் உருத்திரிந்த ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்த பேச்சே என்று புலப்பட்டது. நாளேடுகளின் வியப்பும் முன்னைய 'அறிவுக்குறை' முடிவும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்றே நாம் கருதுகிறோம். இரண்டுமே அக்குழந்தைகள் என்ன சொல்கிறார்கள் என்று செவிமடுக்கவில்லை.

உருசிய உளவியலறிஞர் லூரியாவும் யூதோவிச்சும் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. ஐந்து வயது இரட்டைச் சிறுவர் இருவர் தமக்குள் வழங்கிய அரைகுறைப் பேச்சோடு நின்றுவிட்டனர். மழலையர் பள்ளியில் அவர்களை வெவ்வேறு குழுக்களில் சேர்த்தபோது, மூன்று மாதங்களில் அவர்களது பேச்சு பெரிதும் வளர்ந்தது. பேச்சோடு அவர்களது விளையாட்டும் மாறியது. முன்னர் இலக்கின்றி ஆடியவர்கள், பின்னர்த் திட்டமிட்டு ஆடத் தொடங்கினர்.

ஆகவே, புரியாத மொழி பேசும் குழந்தையைக் காணும் ஆசிரியர் முதலில் செய்யத்தக்கது எளிய செயலே. 'நீ சொன்னதை எனக்குப் புரியும்படி சொல்' என்று கேட்டல் வேண்டும். நகைத்தவாறே குழந்தை தமிழுக்கு மாறுமாயின் அது விளையாட்டு, அச்சப்பட ஒன்றுமில்லை. மாற இயலாது தவிக்குமாயின், அக்குழந்தைக்கு வேண்டுவது பேசிப் பழகப் பிறரும், பேச்சுப் பயிற்சி வல்லுநரின் உதவியும் ஆகும்.

பலர் கூடும்போது தேவை என்ன செய்யவல்லது என்பதற்கு நிகராகுவா நாடு சான்று தருகிறது. தலைநகர் மனாகுவாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புக் கல்விப் பள்ளியில், அதுவரை இல்லங்களில் தனித்திருந்த செவித்திறனற்ற சிறார் ஒன்றுகூடினர். ஆசிரியர்கள் உதட்டசைவு வழி ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றனர், பயன் சொற்பமே. சிறாரோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தத்தம் வீட்டுச் சைகைகளைப் பரிமாறிப் பொதுவான ஒன்றை ஆக்கிக்கொண்டனர். ஆசிரியர்களுக்கு அது விளங்கவில்லை. ஜூடி கெகல் என்னும் மொழியியலார் 1986ஆம் ஆண்டு அங்குச் சென்ற பின்னரே அதன் இலக்கணம் ஆராயப்பட்டது.

ஆன் செங்காஸ் முதலியோர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. ஒரு பொருள் உருண்டுகொண்டே சரிவில் இறங்குவதைக் காட்டும்போது, செவித்திறன் உடையோர் உருளலையும் இறங்கலையும் ஒரே கையசைவில் காட்டுவர். முதல் தலைமுறைச் சிறாரிடமும் இவ்வழக்கே மிகுதி. பின்வந்தோரோ பெரும்பாலும் 'உருள்', 'இறங்கு' என இரண்டு குறிகளாகப் பிரித்து, அடுத்தடுத்து அமைத்தனர். சொற்களைப் பிரித்துத் தொடராக்கும் மொழியின் அடிப்படைப் பண்பினை இவ்வாறு அம்மொழிக்குப் பெரிதும் வழங்கியவர்கள், சிறு வயதில் அப்பள்ளியில் சேர்ந்த பிற்காலச் சிறாரே ஆவர். அவர்களுக்கு முன்னரே அம்மொழியைத் தொடங்கி வைத்த மூத்தோர் பலர், வளர்ந்த பின்னும் தம் பழைய வழக்கிலேயே பேசி வந்தனர்.