பழநியும் கொடைக்கானலும்: சங்கத்தார் காண வேண்டியவை

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்துச் சங்க அங்கத்தினர் சிலர் ஒன்றுகூடி, மாதத் தவணையாகப் பணம் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் சென்று வருகின்றனர். இது நல்ல வழக்கம். காலையில் தறிக்குழியில் இறங்கினால் மாலையில் ஏறும் நெசவாளிக்கும், ஏரி மதகு திறக்கும் நாளை எண்ணியிருக்கும் விவசாயிக்கும் மூன்று நாள் இளைப்பாறுதல் ஆடம்பரம் அன்று. ஆயினும், சேர்த்த பணம் எதன்பொருட்டுச் செலவாயிற்று என்று கேட்பது என் உத்தியோகத்தின் இயல்பு. சென்ற ஆண்டு நெசவாளரும் விவசாயிகளுமாக முப்பதுக்கு மேற்பட்டோர் பழநிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றபோது நானும் உடன் சென்றேன். வழிகாட்டி ஒருவருடன் கூடிய பிரயாணம் அது. கம்பிவட ஊர்தி, பூங்கா, காட்டுப்பாதை மூன்றும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருந்தன. மூன்றையும் கண்டோம். ஆனால், காடு என்று எங்களுக்குக் காட்டப்பட்டதில் பெரும்பகுதி காடே அன்று. அதை விளங்கச் சொல்வார் அங்கே எவருமில்லை. அடுத்துச் செல்லவிருக்கும் சங்கங்களுக்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதலானேன்.

செங்கற்பட்டில் இரவு வண்டி ஏறினால் விடியற்பொழுதில் திண்டுக்கல்லை அடையலாம். அங்கிருந்து பழநிக்குச் சாலை வழிப் பயணம். பழநி மலைமேல் செல்லப் படிகள் 690-க்கு மேல் உள்ளன. வின்ச் என்னும் இழுவை ரயில் 1966 முதல் ஓடுகிறது. மக்கள் ரோப் கார் என்றே அழைக்கும் கம்பிவட ஊர்தி 2004-இல் தொடங்கியது. வின்சில் ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகுமெனில் இதில் மூன்று நிமிடமே.

நெசவாளர்கள் இந்த ஊர்தியை விட்டு எளிதில் அகலவில்லை. காரணம் உண்டு. மேலேறும் பெட்டிகளும் கீழிறங்கும் பெட்டிகளும் ஒரே வடத்தில் பிணைக்கப்பட்டவை. இவை ஏற, அவை இறங்கும். ஒரு பக்கத்துப் பாரம் மறுபக்கத்துப் பாரத்துக்கு ஈடு கொடுப்பதால், மோட்டார் தூக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை மட்டுமே. தறியில் ஒரு மிதியை அழுத்த ஒரு விழுது தாழ்ந்து மறுவிழுது உயர்வதைக் கண்டவருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "நம்ம தறியைத் தூக்கி மலைமேல கட்டியிருக்காங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நண்பகலில் சிறிது நேரம் ஊர்தியை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆடிக் காற்றை ஒட்டி, பல வாரங்கள் முற்றிலும் நிறுத்திவிடுகிறார்கள். காற்று வலுத்தால் எந்நாளும் நிறுத்துவார்கள். வரிசையில் நின்றவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். 2007-இல் இங்கே நேர்ந்த விபத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை அறிந்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். ஆடி மாதத்தில் பழநிப் பிரயாணம் வைக்கும் சங்கங்கள், முதியோர் படியேற நேரிடுமென்பதை முன்கூட்டியே அறிவிப்பது கடமை.

கீழே வந்ததும் விவசாயிகள் முறை. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பெயர்பெற்ற விருப்பாச்சி மலைவாழை, முடிக்கொத்து நோயால் ஒரு காலத்தில் இம்மலைச் சரிவுகளில் பெருமளவு அழிந்துபோயிற்று. அசுவினிப் பூச்சி ஒரு கன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் நச்சுயிரியால் வருவது இந்நோய். நோயற்ற கன்றுகளைத் தேர்ந்து நட்டு மீட்கும் வேலை இன்றும் நடைபெறுகிறது. தோட்டம் ஒன்றை நேரில் காண ஒரு மணி நேரம் கேட்டோம். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கடைத்தெருவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்!

பழநியிலிருந்து மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் நோய்க்கு அஞ்சி வீடு கட்டிக்கொண்ட இடம் இது. ஏரி இயற்கையானது அன்று. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டி நீரைத் தேக்கினார். 1872-இல் கோக்கர் என்பார் மலை விளிம்பில் நடைபாதை அமைத்தார். வத்தலக்குண்டு வழியாக வரும் லாஸ் மலைச்சாலை பிற்பாடு முடிந்தது. அதற்கு முன்னர் துரைமார்கள் நாற்காலிகளில் அமர, அவற்றைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம்மவர்களே.

பிரையண்ட் பூங்கா 1908-இல், வன அதிகாரி பிரையண்டின் முயற்சியால் அமைந்தது. பரப்பு 20 ஏக்கருக்குச் சற்று மேல். தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் உள்ளது. மே மாதத்தில் மலர்க்காட்சி நடைபெறும். பாத்தி கட்டும் நேர்த்தியையும், ஒரு மலர் ஓயும்முன் அடுத்த மலர் தயாராகும்படி நாற்றங்கால் வைக்கும் கணக்கையும் விவசாயிகள் வியந்து பார்த்தனர். பூங்காவில் 1857-இல் நட்டதாகச் சொல்லப்படும் யூக்கலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. அதனருகே நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அம்மரத்தின் இனத்தார் பிற்காலத்தில் மலையை என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

மறுநாள் காலை 'பன்னிரண்டு மைல் சுற்று'. வேன்காரர்கள் எல்லாரும் செல்லும் வட்டப் பாதை அது. பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று வரிசையாக நிறுத்துவார்கள். 1991-இல் வந்த ஒரு திரைப்படத்தால் பெயர்பெற்ற குகை, 2024-இல் வந்த மலையாளப் படத்தால் மறுபடியும் பெயர்பெற்று, இப்போது திருவிழாக் கூட்டம் காண்கிறது. பைன் காட்டில் மரங்கள் பாவு நூல் போல நேர்வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையே உண்மையைச் சொல்லிவிடுகிறது. 1906-இல் அதே பிரையண்ட் நட்டுவித்த தோப்பு அது. கீழே ஊசியிலைச் சருகன்றிப் புல் பூண்டு அதிகமில்லை. எங்கள் குழுவின் முதிய விவசாயி ஒருவர் வழிகாட்டியிடம், "தம்பி, இந்த மரத்தடியில ஊத்து ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். "தெரியலைங்கய்யா, ஆனா இங்கே போட்டோ நல்லா வரும்" என்பது விடை. அந்த இளைஞர் மீது குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவே. கேள்விதான் சரியான கேள்வி.

இம்மலையின் உண்மையான காட்டுக்குச் சோலை என்று பெயர். மலை மடிப்புகளில், நீர் வழியும் பள்ளங்களில், செண்பகமும் நாவல் இனத்து மரங்களும் பாசி படர்ந்து, குட்டையாக, நெருங்கி வளர்ந்திருக்கும். மடிப்புக்கு மேலுள்ள மேடுகள் மரமற்ற புல்வெளிகள். இரண்டும் சேர்ந்ததே அம்மலையின் இயற்கை. மேட்டிலே பெய்யும் மழையைப் புல்வேரும் கருமண்ணும் பஞ்சைப் போல உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுகச் சோலையின் ஓடைக்கு விடுகின்றன. மழை நின்று மாதங்கள் கழிந்தும் ஓடை வற்றாதிருப்பது இதனால்தான்.

வெள்ளைக்காரர் கண்ணுக்குப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் நம் அரசாங்கமும் அவ்வாறே கருதி, வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களைப் பரவலாக நட்டது. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும். மரக்கூழோ ரேயான் நூலுக்கு. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கி வந்த விஸ்கோஸ் ஆலைக்கு இம்மலை மரங்கள் லாரி லாரியாகச் சென்றன. அவ்வாலை பவானி ஆற்று நீரைக் கெடுத்ததென்ற பெருவழக்குகளுக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. ரேயான் என்பது வேறன்று, 'ஆர்ட் சில்க்' என்று நம் தறிகளில் ஏறிய செயற்கைப் பட்டே. அதன் மூலப்பொருளில் ஒரு பங்கு இந்தப் புல்வெளிகளின் மேல் விளைந்தது என்று இரவுக் கூட்டத்தில் நான் சொன்னபோது, சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு நெசவாளர், "நமக்கு நூல் வந்துச்சு, இவங்களுக்குத் தண்ணி போச்சா?" என்றார். முழுதும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

பழநி மலைத்தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்துவிட்டதென, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. நட்ட மரங்களை இப்போது என்ன செய்வதென்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. வெட்டி எறிந்து புல்லை மீட்க வேண்டும் என்பார் சிலர். வேற்றின மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன, அவசரப்பட வேண்டாம் என்பார் வேறு சிலர். தமிழக அரசு 2022-இல் அயல் தாவரங்களைக் களைவதற்கென்றே கொள்கை ஒன்றை அறிவித்துள்ளது. என் அபிப்பிராயம், இடத்துக்கு இடம் பார்த்துச் செய்ய வேண்டியது என்பதே.

இந்த நீர் யாருக்குப் போகிறது? வடக்கே பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள். கிழக்கே மருதாநதி. தெற்கே மஞ்சளாறு. பெரியகுளத்து மக்கள் குடிக்கும் நீர் பேரிஜம் ஏரியிலிருந்து வருகிறது. மலையடியில் நெல்லும் வாழையும் பயிரிடும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளே இதன் பங்குதாரர். சோலையைக் காண விரும்புவோர் பேரிஜம் செல்ல வேண்டும். வனத்துறையின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் அனுமதி இல்லை. நாங்கள் மூன்றாம் நாள் சென்றோம். வழியில் ஓரிடத்தில் சோலை விளிம்பில் இறங்கி நின்றபோது உள்ளே நீர் சலசலக்கும் ஓசை கேட்டது. பைன் தோப்பில் கேள்வி கேட்ட முதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார்.

தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் நம் வட்டாரத்தார் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் அவ்வூரில் உண்டு. பாம்பார் சோலைக்கு மேலே வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று இயங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டதும் 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். இடையில் பதினைந்து ஆண்டுகள். நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஆலை வாயில்களைத் தினமும் கடக்கிறோம். நம் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. அவ்வேலை வேண்டும். எந்த ஆலையின் கழிவு எந்த ஏரிக்கு எந்த வாய்க்கால் வழியே போகிறதென்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

வத்தலக்குண்டு, செம்பட்டி வழியாகத் திரும்புகையில் சின்னாளப்பட்டியில் இறங்கினோம். சுங்குடிக்கும் செயற்கைப் பட்டுக்கும் பேர்போன ஊர். அங்குள்ள தறிக்காரர்களோடு நம்மவர் பேசத் தொடங்கியதும் நேரம் போனதே தெரியவில்லை. கூலி, நூல் விலை, விசைத்தறிப் போட்டி எல்லாம் இங்குள்ள பேச்சேதான்.

அடுத்துச் செல்வோருக்குச் சில குறிப்புகள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. வண்டி எண்ணைக் கொண்டு பெறுவதால், கடைசி நேரத்தில் வேனை மாற்றும் ஏற்பாட்டாளரிடம் எச்சரிக்கை தேவை. பிளாஸ்டிக் புட்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வீட்டுச் செம்பையோ எவர்சில்வர் கூஜாவையோ எடுத்துச் செல்க. முன்பணம் கொடுக்குமுன், பேரிஜமும் ஒரு வாழைத் தோட்டமும் நிரலில் உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குக.

மூன்று நாள் பிரயாணம் இயலாத முதியோர்க்கு அருகிலேயே வழியுண்டு. நம் ஊர்க் குன்றில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரே சோளிங்கரில் 1,305 படிகளுக்கு மேல் யோக நரசிம்மராக வீற்றிருக்கிறார். அங்கும் 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. காலையில் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம்.