ஐம்பதிலும் வளையும்

கற்றல் நோக்கம்: வளர்ந்தோர் தாமே கற்கும் முறையை அறிதல், அதனை எல்லைப்புற ஊர்களின் வாழ்வோடு பொருத்திப் பார்த்தல்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. நல்ல பழக்கங்களை இளமையிலேயே பழகவேண்டும் என்பதே அதன் கருத்து. பள்ளிப் பருவத்தைக் கடந்தவர் புதிதாக எதையும் கற்க இயலாது என்று அதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. வளர்ந்தபின் கற்க வேண்டிய தேவை சிலருக்கு வாழ்க்கையிலிருந்தே எழுகிறது. கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

எல்லையும் எழுத்தும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. களியக்காவிளையைக் கடந்தால் மாநிலம் மாறும். ஆனால் வீட்டில் பேசும் மொழி அவ்விடத்திலேயே மாறிவிடுவதில்லை. எல்லையோரச் சிற்றூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உள்ளன. இரு மொழிகளையும் கேட்டு வளர்வதால் அவர்களுக்குப் பேச்சில் இடர்ப்பாடு இல்லை, இடர்ப்பாடு எழுத்தில்தான்.

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய நிலப் பத்திரமும் வரி ரசீதும் மலையாளத்தில் உள்ளன. தம் நிலத்தின் நான்கெல்லையைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டே அவர் அறிய வேண்டும். குமரி மாவட்டத்தில் தமிழ்வழியில் படித்து, மணமாகி எல்லைக்கு இப்பால் வந்த பெண்ணின் நிலையும் இத்தகையதே. தம் குழந்தையின் பாடக்குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதியனுப்பிய இரண்டு வரியை அவரால் படிக்க இயலாது. இத்தகையோர்க்குக் கல்வி என்பது பட்டம் பெறுவதற்கான வழியன்று. பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதற்கான வழி.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

வளர்ந்தவர் வெறும் பலகையோடு கற்கத் தொடங்குவதில்லை. மேற்கூறிய உழவர்க்கு மலையாளச் சொற்கள் ஏராளமாகத் தெரியும். அவற்றின் வரிவடிவம் மட்டுமே தெரியாது. ழ, ள, ற ஆகிய ஒலிகள் இரு மொழிகளுக்கும் பொது. ஆகவே அவர் வேறுபாடுகளில் கருத்தைச் செலுத்தினால் போதும். தமிழில் ‘க’ என்னும் ஓரெழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. புள்ளி பெற்ற ண், ன், ர், ல், ள் ஆகியவற்றுக்கு அங்குத் தனி வடிவங்கள் உள்ளன. அவற்றைச் சில்லெழுத்து என்பர்.

தெரிந்த சொல்லே சிலபோது வழிமாற்றுவதும் உண்டு. ‘வெள்ளம்’ மலையாளத்தில் தண்ணீரைக் குறிக்கும். ‘அவசரம்’ வாய்ப்பைக் குறிக்கும். வரி ரசீதில் வரும் ‘கரம்’ கையன்று, வரி. ‘ஆதாரம்’ என்பது நிலப் பத்திரம். ஆகவே, தெரிந்த சொல்லையும் இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

தாமே கற்கும் முறை

முதலாவது, தேவையையே பாடமாக்குதல். வரி ரசீதில் தம் பெயர், ஊர்ப்பெயர், நிலத்தின் பரப்பு ஆகிய மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பது நல்ல தொடக்கம். அங்கு என்ன எழுதியிருக்கும் என்பது முன்பே தெரியுமாதலால், எழுத்துகளை இனங்காணுதல் எளிதாகும்.

இரண்டாவது, பங்கிட்டுப் படித்தல். எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர் தம் நினைவாற்றலைத் தாமே ஆராய்ந்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படித்தல் பயன் மிக்கது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. நாளுக்கு ஐந்தெழுத்து என்பது உழைப்பாளிக்கும் இயலும் அளவே.

மூன்றாவது, மூடிவைத்து எழுதிப் பார்த்தல். பார்த்துப் பார்த்து எழுதும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். மூடிவைத்து எழுதும்போதுதான் மறந்தது எது என்று புலப்படும்.

நான்காவது, நாணாமல் கேட்டல். தாமே கற்றல் என்பது தனித்துக் கற்றல் அன்று. உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அப்பொழுது சீவக சிந்தாமணியைப் படிக்க முற்பட்டவர், சமண சமயக் கொள்கைகளை அறியாமல் அந்நூல் விளங்காது என்பதை உணர்ந்தார். அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடி, மாணவரைப்போல் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். ஆசிரியராக இருந்தும் கேட்கத் தயங்காமையே அப்பதிப்புக்கு அடிப்படையாயிற்று.

எழுத்தறிவு இயக்கம்

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர். முதியோர் கல்வியால் எழுத்தறிவு பெற்ற சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணி. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா, 2018இல் தம் 96ஆம் அகவையில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார்.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ கற்க விரும்பும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். பேரப்பிள்ளையிடம் எழுத்துக் கேட்க அவர் கூசக்கூடும். அவர் பிழையாகப் படிக்கும்போது சிரியாமல், ‘இன்னொரு முறை படியுங்கள், பாட்டி’ என்று சொல்லுங்கள். உங்களுக்கு அது சிறிய உதவியாக இருக்கலாம். தம் பத்திரத்தைத் தாமே படித்த பின்பு கையொப்பமிடும் உரிமை அதனால் அவருக்குக் கிடைக்கும்.

அருஞ்சொற்பொருள்

வட்டம் – தாலுகா
வரிவடிவம் – எழுத்தின் உருவம்
நான்கெல்லை – நிலத்தின் நாற்புற எல்லைகள்
அகவை – வயது

பயிற்சி

1. எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழர்க்கு இடர்ப்பாடு பேச்சில் இல்லை, எழுத்தில் உள்ளது. ஏன்?
2. ‘தாமே கற்றல் என்பது தனித்துக் கற்றல் அன்று’ – சான்றுடன் விளக்குக.
3. வெள்ளம், அவசரம், கரம் – இச்சொற்களைத் தமிழ்ப் பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
4. செயல்பாடு: எழுதப் படிக்கக் கற்க விரும்பும் பெரியவர் ஒருவருக்கு ஏற்ற ஒரு வாரப் பாடத்திட்டத்தை வகுத்து எழுதுக.