நீரும் நூலும்



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் சிறிது தொலைவு சென்றால் அளுவிகாரை என்னும் குகைக் கோயிலைக் காணலாம். வாய்மொழியாகவே வழங்கிவந்த பாலித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். நாவில் மட்டும் வாழும் சொல் ஓதுவாரோடு மறையும். ஏட்டில் ஏறிய சொல்லோ கடலும் கடக்கும். தமிழ்ச் சொல்லை அவ்வாறு கடல் கடத்திய ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அவர் பண்டிதருமல்லர், பாதிரியாருமல்லர். பியேர் யூஜேன் லமெரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளுக்குத் தலைமைப் பொறியியலாளராக அவர் புதுச்சேரியிற் பணியாற்றினார். கடலோரத்து நகருக்கு நல்ல குடிநீர் வேண்டியிருந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், முத்திரப்பாளையத்து நீரைச் சுமார் 5 கிலோமீட்டர் தூரம் வாய்க்கால் வழியே நகருக்குக் கொணர்ந்தவர் இவரே என்பர். அதன் நினைவாக எழுந்ததே பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் ஆயி மண்டபம். ஆயி ஒரு கணிகை. தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டியவள் என்பது செவிவழிக் கதை. பேரரசன் காலத்து மண்டபத்துக்கு ஒரு கணிகையின் பெயர் நிலைத்துவிட்டது எனக்கு உவப்பான செய்தி.

நீரைக் கொணர்ந்தவர் நூலைக் கொண்டுசென்றார். 1867-இல் அவர் பாரிசில் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழிற் சொன்னால் 'தென்னிந்திய மக்கட் பாடல்கள்' என வரும். அதில் திருக்குறள் மொழிபெயர்ப்பும் இடம்பெற்றது. புதுச்சேரியில் அரச அலுவல் பார்த்த ஆரியேல் என்பார் 1848-இலேயே குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்திருந்தார். ஆனால் அவை கீழைத்தேய ஆய்வாளரின் சஞ்சிகையில் வந்தவை.

குறளை மக்கட் பாடல் என்பதா? சீரும் தளையும் பிசகாத வெண்பாவை அப்பெயரால் அழைப்பது இலக்கண நோக்கிற் பிழையே. ஆயினும், தோட்டத்து லயத்தில் மகனுக்குப் புத்தி சொல்லும் தாயும், ஊர்ப் பிணக்கைத் தீர்க்கும் முதியவரும் குறளை எடுத்தாள்வதை நாம் கேட்டிருக்கின்றோமல்லவா? ஆகவே அத்தலைப்பை என்னால் முற்றாகக் கடிய இயலவில்லை.

பெயர்ப்பின் இடர்ப்பாடு வேறு. எதுகையும் மோனையும் பிரெஞ்சுக்குச் செல்லமாட்டா. 'அறம்' என்னும் ஒரு சொல்லையே நற்குணம், கடமை, ஈகை என இடத்துக்கேற்பப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஓர் அதிகாரம் மட்டும் இந்த மனிதருக்கு எளிதாய் விளங்கியிருக்கும் என்று எண்ணுகின்றேன். கடவுள் வாழ்த்தை அடுத்து, துறவியரையும் அறத்தையும் போற்றுமுன்னரே, மழையைப் போற்றுகின்றார் வள்ளுவர். குடிநீருக்காக நிலத்தை அளந்து திரிந்தவருக்கு 'வான்சிறப்பு' ஏன் இரண்டாவதாக நிற்கின்றது என்பதற்கு உரையாசிரியர் தேவையோ?

முதுமையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1891-இல் காமசூத்திரம், 1892-இல் புத்தர் வரலாறு, 1893-இல் கண்ணன் கதை கூறும் 'பிரேம சாகரம்' ஆகியவை வெளிவந்தன. பிரான்சில் அவர் பெயர் நிலைத்தது காமசூத்திரத்தாலேயே. குறளைத் தந்தவர் என்பதைத் தமிழரும் மறந்தனர். அந்தக் காமசூத்திரத்தின் முகப்பேட்டிலோ, தம் பெயரின் கீழ் அவர் பொறித்த தகுதி: இந்தியப் பிரெஞ்சுப் பகுதிகளின் முன்னாள் தலைமைப் பொறியியலாளர்.