60 வினாடியில் அணைந்த கம்ப்யூட்டர்!

2003-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி.

பல நாடுகளில் மக்கள் வழக்கம் போல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கடிதம் எழுதினார்கள். கணக்குப் போட்டார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள்.

திடீரென்று திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. கம்ப்யூட்டர் அணையப் போகிறது என்று அது எச்சரித்தது. அதில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

60... 59... 58...

கடைசி வினாடி முடிந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு தானாகவே உயிர் பெற்றது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே பெட்டி! அதே கடிகாரம்!

எழுதிக்கொண்டிருந்த கடிதம் போயிற்று. போட்டுக்கொண்டிருந்த கணக்கும் போயிற்று.

யார் செய்த தவறு?

கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. சந்தேகமான கடிதம் எதையும் திறக்கவில்லை. கண்ட இடத்தில் கை வைக்கவில்லை. இன்டர்நெட்டில் இணைந்தார், அவ்வளவுதான்!

வந்தது "பிளாஸ்டர்" என்னும் புழு. கம்ப்யூட்டரைக் கெடுக்க மனிதர்களே எழுதி அனுப்பும் புரோகிராம்களில் புழு ஒரு வகை. யாராவது திறந்துவிட வேண்டும் என்று அது காத்திருக்காது. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானே ஊர்ந்து போகும்.

அது எந்த வழியாக வந்தது?

வீட்டுக்குக் கதவுகள் இருப்பது போல, கம்ப்யூட்டருக்கும் கதவுகள் உண்டு. அவற்றுக்கு "போர்ட்" என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மொத்தம் 65 ஆயிரத்துக்கும் அதிகம்! பிளாஸ்டர் புழு தட்டியது 135-ம் எண் கதவை. அந்தக் கதவுக்குப் பின்னால், விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் ஒரு ஓட்டை இருந்தது.

மருந்து இருந்தும் பயன் இல்லை

அந்த ஓட்டையை அடைக்க வழி இல்லாமல் இல்லை. விண்டோசைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் கம்பெனி ஜூலை 16-ந் தேதியே ஓட்டையை அடைக்கும் "ஒட்டு" ஒன்றை வெளியிட்டு இருந்தது. ஆனால், அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் ஏராளம்.

புழு வந்த பிறகு ஓடிப்போய் ஒட்டுப் போடலாம் என்றால், அங்கேயும் ஒரு சிக்கல்! ஒட்டு இருப்பது இன்டர்நெட்டில். இன்டர்நெட்டில் இணைந்தாலோ, புழு தாக்கும், கடிகாரம் ஓடும், கம்ப்யூட்டர் அணையும். குளிக்கப் போன ஆற்றிலே முதலை!

சிலர் ஆன்டி வைரஸ் வைத்து இருந்தார்கள். அது உள்ளே விழுந்த புழுவைப் பிடித்து அழித்தது. ஆனாலும் கடிகாரம் நிற்கவில்லை. ஏன்? வெளியே உள்ள மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்து புழுக்கள் கதவை இடித்துக்கொண்டே இருந்தன. இடிக்கிற இடியிலேயே கம்ப்யூட்டர் நிலைகுலைந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது எது?

நெருப்புச் சுவர்

"முதலில் பயர்வாலைப் போடுங்கள். பிறகு இன்டர்நெட்டில் இணைந்து ஒட்டை வாங்குங்கள். அதன் பிறகு ஆன்டி வைரசைக் கொண்டு துப்புரவு செய்யுங்கள்." இதுதான் அன்று சொல்லப்பட்ட வழி.

பயர்வால் என்றால் நெருப்புச் சுவர். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க நடுவில் எழுப்புகிற சுவர் அது. கம்ப்யூட்டருக்கு உள்ள பயர்வாலோ ஒரு புரோகிராம். அதன் வேலை வாசல் காவல்.

வெளியே இருந்து ஏதாவது வந்தால், "வீட்டுக்காரர் கேட்டு வந்ததா? கேட்காமல் வந்ததா?" என்று அது பார்க்கும். நீங்கள் ஒரு படம் கேட்டு அனுப்பினீர்கள் என்றால், அந்தப் படம் வரும்போது வழி விடும். யாரும் கேட்காமல் 135-ம் எண் கதவைத் தட்டுகிறவனுக்குப் பதிலே சொல்லாது.

ஆன்டி வைரசின் வேலை வேறு. அது வீட்டுக்குள் இருக்கும் காவல்காரர். வந்து சேர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, "இது கெட்டது" என்று பிடிக்கும்.

ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? விண்டோஸ் எக்ஸ்பி 2001-ம் ஆண்டு வெளிவந்தபோதே அதில் ஒரு பயர்வால் இருந்தது! ஆனால், அதை முடுக்கிவிடாமலேயே கொடுத்து இருந்தார்கள். காவல்காரர் வாசலில் இருந்தார், தூங்கிக்கொண்டு இருந்தார்!

2004-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் "சாசர்" என்ற இன்னொரு புழு கிளம்பியது. அது 445-ம் எண் கதவு வழியாக வந்தது. அதை எழுதியவன் ஜெர்மனி நாட்டு மாணவன், பதின்வயதுப் பையன்!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் மைக்ரோசாப்ட் ஒரு பெரிய திருத்தம் வெளியிட்டது. அதில் இருந்து, விண்டோசுடன் வரும் பயர்வால் தானாகவே விழித்து இருக்கிறது.

தனி பயர்வால் தேவையா?

"ஆன்டி வைரஸ் இருக்கிறது. விண்டோஸ் பயர்வாலும் இருக்கிறது. தனியாக இன்னொரு பயர்வாலும் வாங்கிப் போட வேண்டுமா?" என்று பலர் கேட்கிறார்கள்.

விண்டோஸ் பயர்வால், வெளியே இருந்து வருபவர்களைத் தடுக்கும். உள்ளே இருந்து வெளியே போகிறவர்களை, நாமாகத் தடை போட்டால் ஒழிய, பெரும்பாலும் தடுக்காது. ஒரு திருட்டுப் புரோகிராம் எப்படியோ உள்ளே புகுந்து, நீங்கள் தட்டுகிற ரகசிய எழுத்துக்களை வெளியே அனுப்புகிறது என்று வையுங்கள். தனி பயர்வால்கள் பலவும், "இந்தப் புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது. விடலாமா?" என்று உங்களைக் கேட்கும். அது நல்லதுதான்.

ஆனால், நல்ல புரோகிராமுக்கும் அதே கேள்விதான். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்டால் மனிதன் என்ன செய்வான்? படிக்காமலே "சரி, சரி" என்று அழுத்துவான். அப்போது காவல் இருந்தும் இல்லாத கதைதான்.

அதனால், கேள்வியைப் படித்துப் புரிந்து பதில் சொல்லக் கூடியவருக்குத் தனி பயர்வால் உதவும். மற்ற வீடுகளுக்கு விண்டோஸ் பயர்வாலும், ஒரு நல்ல ஆன்டி வைரசும் போதும்.

ஒன்று மறக்கக் கூடாது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பயர்வால் வேண்டாம். இரண்டு ஆன்டி வைரசும் வேண்டாம். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் நின்றால், ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். வேலை நடக்காது. கம்ப்யூட்டர் ஆமை போல நகரும்.

இன்றே பாருங்கள்

விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டர்களில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்தால் ஆன்டி வைரசும் பயர்வாலும் விழித்து இருக்கின்றனவா என்று தெரியும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒட்டு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். 2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி "வான்னாகிரை" என்ற புழு கிளம்பி, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளையே திணற வைத்தது. அதற்கான ஒட்டு மார்ச் மாதமே வந்து இருந்தது!

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. உடனே இதை அழுத்துங்கள்" என்று இன்டர்நெட்டில் திடீர் விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். காவல்காரர் வேடத்தில் வரும் திருடன் அவன். நீங்களே கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டால், எந்தப் பயர்வாலும் தடுக்க முடியாது.

குழந்தையின் முதல் படம், மகளின் கல்யாணப் படம், பாங்கிக் கணக்கு எல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. படங்களுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இரவில் படுக்கப் போகுமுன் வாசல் கதவைத் தாழிட்டோமா என்று ஒரு முறை பார்க்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரு பார்வை வேண்டும்!