நெம்மேலிக் கடற்கரையும் சென்னையின் தாகமும்

கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்போரூர் சென்று, கிழக்கே உப்பங்கழியைக் கடந்தால் நெம்மேலிக் கடற்கரையை அடையலாம். செங்கற்பட்டு ஜில்லாவாசிகள் விடுமுறை நாட்களில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் சென்று கடற்காற்று வாங்கித் திரும்புகிறார்கள். அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள மீனவர் குப்பங்கள் பல வருஷங்களாகச் செய்துவரும் முறையீட்டை அவர்களில் அநேகர் அறியார். அது அவசியம் அறியத்தக்கது. ஏனெனில், அந்த விவகாரத்தில் நாமும் ஒரு கட்சி.

சென்னை நகரின் குடிநீருக்காகக் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையொன்று நெம்மேலியில் 2013-ல் திறக்கப்பட்டது. தினம் 10 கோடி லிட்டர் தருவது அதன் அளவு. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-ல் அதனருகே திறக்கப்பட்டது. அண்டையிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் ஆலையின் வேலை தொடங்கியபின் கரை அரிப்பு மிகுந்துவிட்டதென்று சூளேரிக்காட்டுக் குப்பத்தார் முறையிட்டனர். பின்னர் கரையோரம் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் வீட்டைக் காக்கலாம். படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயவைக்கவும் மணல்தான் வேண்டும். நமக்கு உல்லாசத்துக்குரிய இடம் அவர்களுக்குத் தொழிற்களம்.

கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதன்று. சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் திரும்பித் தெற்கே செல்கிறது. இடையே கல்லால் தடை எழுப்பினால், தென்புறத்தில் மணல் குவியும். வடபுறத்தில் கடல் நிலத்தைத் தின்னும். இது வெறும் ஊகமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அழிந்தது. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்குக் கல்தடுப்புகள் எழுந்தபின் நகரத்து மணற்கரை மறைந்தது. அதில் ஒரு பகுதியை மீட்கப் பிற்காலத்தில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்க வேண்டியதாயிற்று. ஒருவன் வாசலில் செய்த வேலைக்கு அடுத்த ஊர்க்காரன் அபராதம் செலுத்துவதே இதன் கதை.

"நகரத்தாருக்குக் குடிநீர் வேண்டாமா?" என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது பட்ட துன்பத்தை யாரும் மறக்கவில்லை. ஆலைகளை இன்றே மூடவேண்டுமென்று நாம் சொல்லவும் இல்லை. ஆனால், அதற்கு நான்கே வருஷங்களுக்கு முன், 2015 டிசம்பரில், இதே புறநகரங்கள் வெள்ளத்தில் மிதந்தன. ஏரிகளின் ஜில்லா என்று பெயர் பெற்றது செங்கற்பட்டு. கூடுவாஞ்சேரி, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் அடையாற்றில் சேர்கிறது. வரத்துக் கால்வாயையும் ஏரி வயிற்றையும் மனைகளாக்கி விற்றும் வாங்கியும் குடியேறியவர்கள் நாம். மழை கொடுத்த நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதைக் கடலிலிருந்தே ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவிட்டுத் திரும்பப் பெறுகிறோம். எஞ்சிய கடும் உவர்நீர், மீன்பிடிப்போரின் கடலிலேயே விடப்படுகிறது. நமது அஜாக்கிரதைக்குக் குப்பத்து ஏழைகள் ஈடு கொடுப்பது எந்த நியாயம்?

சட்டம் இல்லாமலில்லை. கடலோரத்தைக் காக்க மத்திய சர்க்கார் 1991-ல் பிறப்பித்த அறிவிக்கை, 2011-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டது. ஜனநெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் கட்டடத்துக்கு இடமில்லாத எல்லை, முன்பிருந்த 200 மீட்டரிலிருந்து 2019-ல் 50 மீட்டராகச் சுருங்கியது. வேலி இவ்வாறு குறுகக் குறுக, ஊராரின் விழிப்பு ஒன்றே காவலாக நிற்கிறது. அவ்விழிப்பு வீண்போவதுமில்லை. 2003-ல் மலேசிய நாட்டின் துணையோடு மெரீனாக் கரையைப் புதிய கட்டடங்களால் நிரப்பக் கருதிய திட்டம், மீனவரும் நகரவாசிகளும் எதிர்த்து நின்றபின் கைவிடப்பட்டது.

ஆகவே நாம் கோருவது இவை. கடற்கரையில் எந்த வேலை தொடங்குமுன்பும், இரு பருவக்காற்றுகளின் காலத்திலும் மணலின் போக்கை ஆராய்ந்து, வடக்கேயுள்ள குப்பங்களுக்கு நேரக்கூடிய நஷ்டத்தைக் கணக்கிட வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் தாய்மொழியில் தந்தால் போதுமென்கிறது இன்றுள்ள விதி. முழு அறிக்கையும் தமிழில் வரவேண்டும். விசாரணைக் கூட்டம் குப்பத்திலேயே, படகுகள் கரையேறிய பின் நடக்க வேண்டும். கரை அரித்தால் அதைச் சீராக்கும் செலவு தண்ணீரின் விலையில் அடங்க வேண்டும். அதை மீனவன் தலையில் சுமத்தலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கூடுவாஞ்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தேசாபிமானிகள் தங்கள் ஊர் ஏரியின் கரைமீது ஒருமுறை நடந்து பார்க்கட்டும். அங்கே மீட்கப்படும் ஒவ்வொரு கால்வாயும் நெம்மேலியில் ஒரு பிடி மணலைக் காக்கும். அதைச் செய்த பிறகு நாம் கடற்கரைக்குப் போனால், குப்பத்தாரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம்.